மூன்று முறை கேட்டால் மட்டும்

மாதனூர் தாண்டிய பிறகும் தோல் பதனிடும் டேனரியின் வாடை என்னை விடவில்லை. சட்டையைக் காலையில்தான் துவைத்திருந்தேன். வாடை மூக்குக்குள் இருந்தது. தோளில் ஒரு ரெக்ஸின் பை, அதில் இரண்டு லுங்கி, ஒரு போர்வை. பஸ்ஸுக்குக் காசு இருந்தும் நடந்தேன். ஒரு இடத்தை விட்டுக் கிளம்பினால் முதல் பத்து மைலை நடந்து கடப்பது என் வழக்கம். நடந்தால்தான் அந்த இடம் உடம்பை விட்டு இறங்கும்.

அன்று இறங்கவில்லை. பின்னால் ஒரு செருப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தால் நெடுஞ்சாலை, லாரிகள், பட்டப்பகல் வெயில். என் செருப்பின் சத்தம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சிறிது தூரம் நடந்தும் பார்த்தேன். அப்போது என்ன கேட்டது என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆம்பூரில் ஒரு லைன் வீட்டின் ஓர் அறையில் நானும் இன்னொருவனும் தங்கியிருந்தோம். அவன் திமிரிப் பக்கத்துக்காரன், என்னைவிட நாலைந்து வயது சின்னவன். இருவருக்கும் ஒரே டேனரியில் டிரம் வேலை. குரோம் என்ற ரசாயனம் கலந்த தண்ணீரில் ஊறிச் சுழன்ற தோல்களை டிரம்மிலிருந்து வாரி வெளியே போடுவோம். நீல நிறத்தில், ஈரமாக, ஆள் கனத்தில் இருக்கும். அங்கே வேலை செய்பவன் கை வெடிப்பதும், கண் சிவப்பதும், உடம்பு அரிப்பதும் யாருக்கும் செய்தி இல்லை. 'குரோம் பிடிச்சிக்கிச்சு' என்பார்கள். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்கு வருவார்கள்.

எனக்குத் தாடையில் ஒரு நரம்பு வலி உண்டு. வந்தால் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றும். அரசு ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள், வலி கேட்டது. அவனுக்கு வேறு தொல்லை. ராத்திரியானால் இரண்டு பாதமும் நெருப்பாக எரியும், தூங்க மாட்டான். அதுவும் நரம்புதான் என்று யாரோ சொல்ல, என் மாத்திரையைக் கொடுத்தேன். இரண்டே நாளில் எரிச்சல் அடங்கியது. ரொம்ப சந்தோஷப்பட்டான். 'நீ டாக்டருக்குப் படிச்சிருக்கணும்பா' என்றான். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன்.

மூன்றாவது வாரம் அவன் கண் சிவந்தது. காய்ச்சல் வந்தது. வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க முடியவில்லை. குரோம் என்றார் மேஸ்திரி. நானும் குரோம் என்றேன். வலி அதிகம் என்று அவன் அழுதபோது, 'ரெண்டா போடு' என்றேன். அதற்கு மறுநாள் காலையில் எழுந்தவனின் முதுகுத் தோல் பாயோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த அறைக்குள் டேனரி வேலையைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கமில்லை. அன்று டேனரி உள்ளே வந்துவிட்டது போலிருந்தது.

அன்று மத்தியானமே கிளம்பினேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதுதான் காரணம். பக்கத்து அறைக்காரர்களிடம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். என்னிடம் இருந்த மாத்திரை ஆறு அட்டையையும் அவன் தலைமாட்டில் வைத்தேன். அதை ஒரு உதவி என்றே அப்போது நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் எங்கெங்கோ இருந்தேன். வாணியம்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவினேன். நெமிலியில் நெல் மூட்டை தூக்கினேன். கடைசியில் வேலூருக்கு வெளியே ஒரு பார்மசி கல்லூரியில் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற கும்பலோடு சேர்ந்தேன்.

பெயிண்ட் வேலை முடிகிற வாரம், அங்கே பாடம் நடத்தும் மேடம் ஒருவர் ஏணிக்குக் கீழே வந்து நின்றார். முப்பது வயது இருக்கும்.

"அண்ணே, ஒரு நாள் எங்களுக்கு நோயாளியா இருக்கிறீங்களா?"

"இன்னா மேடம், ஊசி போட்டுப் பழகறதுக்கா?"

"ஐயோ, தொடக்கூட மாட்டாங்க. கேள்விதான் கேப்பாங்க. சீனியர் பசங்கள நடிக்க வெச்சா புக்குல இருக்கிற மாதிரி பேசறாங்க. எனக்கு உங்கள மாதிரி பேசற ஆள் வேணும்."

பெயிண்ட் கூலியோடு சாப்பாடும் உண்டு என்றார். சரி என்றேன்.

மருந்தால் வருகிற கெடுதலைக் கண்டுபிடித்து எழுதி அனுப்புவதுதான் பாடம். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. மறுநாள் காலையில் மேடம் பிள்ளைகளிடம் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். "நாலு விஷயம் இருக்கணும். யாருக்கு நடந்தது, என்ன நடந்தது, எந்த மருந்து, எழுதறது யாரு. நாலுல ஒண்ணு இல்லேன்னாலும் அந்தப் பேப்பர் எங்கேயும் போகாது, டிராயர்லயே கிடக்கும். மருந்துதான் காரணம்னு நீங்க நிரூபிக்க வேணாம். சந்தேகம் போதும். ஆனா கேக்காம சந்தேகம் வராது."

பிறகு என்னைத் தனியாக ஓர் அறையில் உட்கார வைத்து, நான் நடிக்க வேண்டிய ஆளைப் பற்றிய தாளைக் கொடுத்தார். உண்மையில் வந்த ஒரு கேஸ், பெயரை எடுத்துவிட்டோம் என்றார். அறை மூலையில் தோல் உரித்த மனிதன் போல ஒரு பொம்மை நின்றது, பாடத்துக்காக வைத்தது. தசையெல்லாம் சிவப்பு, இமை இல்லாத கண்.

எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆண், நாற்பத்தொரு வயது. டேனரியில் டிரம் பிரிவு. முதலில் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு. பிறகு உடம்பெல்லாம் கொப்புளம், தோல் உரிதல். காரணம் குரோம் என்று நம்புகிறார். அதன் கீழே கோடு போட்டிருந்தது: 'மூன்று முறை கேட்டால் மட்டும் சொல்லவும்.' அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்ததை இரண்டு தடவை படித்தேன். கால் எரிச்சலுக்காக, அறையில் உடன் தங்கியிருந்தவர் கொடுத்த மாத்திரை. பெயர் தெரியாது. உடன் தங்கியிருந்தவர் தற்போது எங்கிருக்கிறார் என்று தெரியாது.

நான் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் எங்கிருக்கிறேன் என்று தெரியாது என்று அதில் எழுதியிருந்தது.

"படிக்க கஷ்டமா இருக்கா அண்ணே?"

"எழுத்து சின்னதா இருக்கு மேடம். இந்த ஆளு இப்ப இருக்காரா?"

"பொழச்சிக்கிட்டாரு. கண்ணுதான் பாதி போச்சு. அந்த மாத்திரை எதுன்னு தெரியல, அவருக்கும் தெரியல. அதனாலதான் ரிப்போர்ட்டே போக முடியல. பாடத்துக்குத்தான் ஆச்சு."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிழைத்துவிட்டான் என்ற ஒரு வார்த்தை போதும் என்று இருந்தது.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். எதிரில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டார்கள். எனக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. தாளில் இல்லாததும் தானாக வந்தது. எச்சில் கண்ணாடித் தூள் மாதிரி இறங்கும் என்றேன். வெளிச்சம் கண்ணில் குத்துது என்றேன். என் குரல் மெல்ல மெல்ல அவன் குரலாக ஆவது எனக்கே கேட்டது. அவன் வார்த்தையின் கடைசியை விழுங்குவான், நானும் விழுங்கினேன். நாலாவது பிள்ளை வந்தபோது என் வாய்க்குள் நிஜமாகவே எரிந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அதுவும் எரிந்தது.

அவர்கள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. நான் டேனரி என்றதும் பேனா நகர்ந்துவிடும். "கெமிக்கலா?" என்பார்கள். ஆமாம் என்பேன். அதோடு தீர்ந்தது. ஒரு பையன் சிரித்துக்கொண்டே, "எங்க அப்பாக்கும் இப்டித்தான் அண்ணா, வருஷா வருஷம் உரியும்" என்றான். இன்னொருத்தி, "பேர்ணாம்பட்டுல எங்க தெரு முழுக்க இந்தக் கைதான்" என்று தன் மாமாவின் கையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எல்லாம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். வெளியூர்ப் பிள்ளையாக இருந்தால் பயந்துபோய் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கும். மேடம் மூலையில், பொம்மைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு முட்டை மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு வேளைக்கு முன் கடைசியாக ஒரு பெண் வந்தாள். வாணியம்பாடிக்காரி, தலையில் வெள்ளை துப்பட்டா. பேனாவைத் திறக்கவே இல்லை.

"ஏதாச்சும் மாத்திரை சாப்ட்டீங்களா அண்ணா?"

"இல்லம்மா. குரோம்தான்."

"டாக்டர் குடுத்தது இல்ல. கடையில வாங்கினது, சும்மா தலைவலிக்குப் போட்டது?"

"அதெல்லாம் இல்ல."

"வேற யாருக்காவது குடுத்த மாத்திரைய நீங்க போட்டீங்களா?"

மூன்று முறை ஆகிவிட்டது. தாளில் உள்ளபடி சொன்னேன். "ரூம்ல கூட இருந்தவரு குடுத்தாரு. கால் எரிச்சலுக்கு. பேரு தெரியாது."

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பெண் சந்தோஷப்படவில்லை. பேனாவைத் திறந்தவள் எழுதாமல் என்னையே பார்த்தாள்.

"அந்த மாத்திரை மிச்சம் இருக்கா? இப்ப எங்க இருக்கு?"

தாளில் இதற்குப் பதில் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெள்ளை. அவன் தலைமாட்டில் நான் வைத்துவிட்டு வந்த ஆறு அட்டையும் கண்ணுக்கு முன்னால் வந்தது, ரப்பர் பாண்டு போட்டபடி.

"இருக்கு" என்றேன். "ஆறு அட்டை இருக்கு."

"அண்ணே, அது பேப்பர்ல இல்லையே" என்றார் மேடம்.

"நான்தான் மேடம் குடுத்தேன்."

சட்டைப் பையிலிருந்து என் மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். இப்போதும் தாடைக்கு அதைத்தான் சாப்பிடுகிறேன். மேடம் அட்டையைத் திருப்பிப் படித்தார். கார்பமசெபின் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அப்படியே நின்றார். அந்தப் பெண் எழுந்து அறைக் கதவைச் சாத்தினாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே மேடம்."

"ஒருத்தருக்கு ஒத்துக்கும் அண்ணே. ஒருத்தருக்கு இப்படி உரிச்சிடும். யாருக்குன்னு பாத்தா தெரியாது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா இன்னொரு தடவை அவரு போட்டா, மறுபடி பொழைக்கிறது கஷ்டம். அவருக்கு அந்தக் கால் எரிச்சல் இன்னும் இருக்கும் இல்ல?"

இருக்கும். நல்ல மாத்திரை என்று நம்பிக்கொண்டும் இருப்பான். குரோமைத்தான் திட்டிக்கொண்டிருப்பான்.

மேடம் பெயர் எடுக்காத அசல் கேஸ் ஃபைலை எடுத்து, அதிலிருந்த போன் நம்பருக்கு அடித்தார், அணைத்து வைத்திருந்தது. அது பக்கத்து அறைக்காரன் நம்பர் என்று பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. முகவரியை வெளி ஆளிடம் கொடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரி மூலமாக ஆள் அனுப்ப இரண்டு நாள் ஆகும் என்றார். ஊர் எனக்குத் தெரியும் என்றேன். ராத்திரி ராத்திரியாக அந்த ஊரைப் பற்றியே பேசியவன் அவன். மேடம் ஒரு கெட்டி அட்டையில் பெரிய எழுத்தில் மாத்திரையின் பெயரை எழுதி, 'இந்த நோயாளிக்குக் கொடுக்கவே கூடாது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மிச்ச மாத்திரை அட்டைகளைத் தூக்கிப்போடாமல் கொண்டுவரச் சொன்னார். படிவத்துக்கு அதன் மேலிருக்கும் நம்பர் வேண்டுமாம்.

சாப்பிடாமல் கிளம்பினேன். ஆற்காட்டில் பஸ் மாறி, திமிரியில் இறங்கி, இரண்டு மைல் நடந்தேன். அன்று பின்னால் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அதுவும் நன்றாக இல்லை.

ஊர்க் கடைசியில் ஷீட் போட்ட வீடு. நாலு மணி வெயில் வெளியே கொளுத்த, ஜன்னலுக்குச் சாக்கு கட்டியிருந்தார்கள். உள்ளே கட்டிலில் கறுப்புக் கண்ணாடி போட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். முகம் திட்டுத் திட்டாக வெளுத்து, திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. கை நகங்கள் விழுந்து மறுபடி கோணலாக முளைத்திருந்தன. அவனிடம் என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். செருமல்தான் வந்தது.

"வாப்பா" என்றான். "உயிரோடதான் இருக்கியா?"

"எப்டிக் கண்டுபிடிச்ச?"

"ரெண்டு வருஷம் ஒரே ரூம்ல இந்தச் செருமலக் கேட்டவன்பா நானு. குந்து."

கட்டிலில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா திறந்திருந்தது. உள்ளே ஆறு அட்டை, ரப்பர் பாண்டு போட்டபடி. ஒரு அட்டைகூடப் பிரிக்கவில்லை.

"நல்ல நேரத்துல வந்தே. நான் ஆஸ்பத்திரிலேர்ந்து ஊருக்கு வந்தப்பறம் பக்கத்து ரூம்காரன் கொண்டாந்து குடுத்தான், நீ வந்து கேப்பேன்னு பத்திரமா வெச்சினு இருந்தேன். இந்தக் கால் எரிச்சல் இப்பல்லாம் ரொம்ப பேஜார். இன்னிக்கி போட்டுத்தான் பாப்பமேன்னு எடுத்தேன். எத்தினி போட்றது? ஒண்ணா, ரெண்டா?"

டப்பாவை மெல்ல என் பக்கம் இழுத்தேன். பஸ்ஸில் வரும்போது சொல்லிப் பார்த்த வார்த்தை ஒன்றும் நினைவில் இல்லை. அவனே பேசினான்.

"இப்ப இன்னா வேல?"

"ஒரு காலேஜ்ல. நோயாளி மாதிரி நடிக்கிறது."

சிரித்தான். சிரித்தால் உதடு வலிக்கும் போலிருக்கிறது, கையால் பிடித்துக்கொண்டான். "அதுக்கெல்லாம் ஆள் வெக்கிறானா? யார் மாதிரி நடிச்சே?"

"உன்ன மாதிரி."

கறுப்புக் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றி வைத்துக்கொண்டான். பிறகு, "எங்க, நடிச்சுக் காட்டு" என்றான்.

"வேணாம்பா."

"காட்டுடா. ஏழு மாசமா என் மூஞ்சிய நானே பாக்கல."

நடித்தேன். அவன் கட்டிலில், நான் தரையில். காய்ச்சல் என்றேன், வாய் எரியுது என்றேன், கடைசி எழுத்தை விழுங்கினேன். தலையைச் சாய்த்து, பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பவன் போலக் கேட்டான். ஒரு இடத்தில் கையை உயர்த்தினான்.

"தப்பு. வாய் அப்பறம். மொதல்ல கண்ணு. கண்ணுல மண்ணு உழுந்த மாதிரி."

திருத்திச் சொன்னேன். அந்தச் சாக்கு இருட்டில் ஒரே குரல் இரண்டு வாயில் பேசிக்கொண்டிருந்தது. எது யாருடையது என்று வெளியிலிருந்து கேட்பவனுக்குத் தெரிந்திருக்காது.

"அவங்க இன்னா கேப்பாங்க?"

"மாத்திரை ஏதாச்சும் போட்டியான்னு."

"நீ இன்னா சொல்லுவே?"

"இல்லம்பேன். குரோம்தாம்பேன். மூணு வாட்டி கேட்டாத்தான் சொல்லணும்."

"சரி, நான் கேக்கறேன்." குரலைக் கொஞ்சம் கெட்டியாக்கிக்கொண்டான். "மாத்திர போட்டியா?"

"இல்ல."

"மாத்திர போட்டியா?"

"இல்ல."

மூன்றாவது தடவை கேட்பதற்குள் அவன் முகம் என் பக்கம் திரும்பிவிட்டது. கேட்கும்போது விளையாட்டு இல்லை.

"போட்டேன்" என்றேன் அவன் குரலில். "ரூம்ல கூட இருந்தவன் குடுத்தான்." பிறகு என் குரலில், "அதுதாம்பா. குரோம் இல்ல. இந்த மாத்திரதான். இனிமே ஒண்ணு போட்டாலும் தாங்க மாட்டே."

வெளியே எங்கோ மோட்டார் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. அவன் கை கட்டிலின் மேல் டப்பா இருந்த இடத்தைத் தடவியது. இல்லை என்று தெரிந்ததும் கையை மடிமேல் வைத்துக்கொண்டான்.

"ரெண்டா போடச் சொன்னது நீதான?"

"நான்தான்."

"ஏழு மாசமா காலைல எழுந்தா மேஸ்திரியத்தான் திட்டறேன்" என்றான். "அவன் குடும்பமே அழியணும்னு திட்டிக்கினு இருக்கேன்." நீளமாக மூச்சு விட்டான். "உன்ன ஒரு நாள் கூடத் திட்டல பாரு."

டப்பாவை மூடி, மேடத்திடம் கொடுக்க எடுத்து வைத்தேன். மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை.

பொழுது சாயும்போது அவன் மனைவி தலையில் புல்லுக்கட்டோடு வந்தாள். என்ன ஏது என்று அவனே சொன்னான். கட்டை இறக்காமல் நின்றபடி கேட்டாள். பிறகு நான் கொடுத்த கெட்டி அட்டையை வாங்கி, எழுத்தை இரண்டு தடவை படித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையில் செருகினாள். என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லிட்டோம், பாரம் எறங்கிச்சுன்னு பஸ் ஏறிடாத."

"இல்லம்மா."

"இவரு கண்ணுல தண்ணியே ஊறாது. அது காஞ்சி போச்சு. மணிக்கு ஒரு வாட்டி சொட்டு மருந்து உடணும், இல்லனா கண்ணு ஒட்டிக்கும். அதுக்கோசரம் நான் கூலிக்கும் போவ முடியல. வேர்க்கடல புடுங்கற வேல முடியற வரைக்கும் நீ இருந்து ஊத்து. கூலி கெடையாது. சோறு போடறேன்."

எத்தனையோ வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். யாரும் இப்படிக் கூப்பிட்டதில்லை. சரி என்றேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவள் கழனிக்குப் போனாள். அவன் கட்டிலில் மல்லாந்து படுத்துக் கண்ணாடியைக் கழற்றினான். இமை ஓரத்தில் முடி உள்பக்கமாக வளர்ந்திருந்தது. விழியின் மேல் பழைய பிளாஸ்டிக் போல ஒரு மங்கல். அது என்னைப் பார்க்கிறதா, தாண்டிப் பார்க்கிறதா என்று தெரியவில்லை. மருந்துப் புட்டியின் மூடியைத் திருகித் திறந்து குனிந்தேன்.

"கையக் கழுவினியா?" என்றான்.

மூடியை மூடிவிட்டு வெளியே போய்க் கழுவிக்கொண்டு வந்தேன்.